ஜே.சி. குமரப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரப்பாவைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள் கேட்பது ஒரு தினுசு, இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் கேட்பது இன்னொரு தினுசு. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. நான் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுக்கிறவன். அந்தக் கண்ணோடுதான் அவரைப் பார்க்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குமரப்பா யார்? இரண்டே வரியில் சொல்ல முடியுமா?

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காளராகி, அமெரிக்காவில் பொது நிதி படித்து, 1929 முதல் காந்தியோடு சேர்ந்து கிராமப் பொருளாதாரத்துக்கு ஓர் இலக்கணம் எழுதியவர். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

இரண்டு வரி முடிந்தது. மூன்றாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசி வரைக்கும் அவர் ஓர் ஆடிட்டர். கதர் கட்டிய துறவி என்று படத்தில் மாலை போட்டு வைத்திருக்கிறோம். அந்தப் படத்தில் பேரேடும் ரசீதுக் கட்டும் விடுபட்டுப் போயிருக்கின்றன.

கார்னீலியஸ் என்பதும் அவர் பெயர்தானா?

ஆமாம். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பதுதான் முதல் பெயர். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பிற்பாடு குமரப்பா என்ற முன்னோர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பம்பாயில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஜே.எம். குமரப்பாவும், காந்தியின் எழுத்துகளைத் தொகுத்த பாரதன் குமரப்பாவும் இவருடைய சகோதரர்கள். மூவரையும் குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. புத்தகம் வாங்கும்போது முன்னெழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பம்பாயில் நல்ல தொழில் நடத்திக்கொண்டிருந்தவர் ஏன் திசை மாறினார்?

ஒரே நாளில் மாறவில்லை. முதல் உலகப் போருக்கு முன்பே லண்டன் போய்த் தணிக்கை படித்தார். போர் முடிந்து திரும்பி வந்து, 1924-இல் பம்பாயில் 'கார்னீலியஸ் அண்ட் தாவர்' என்று சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் தொடங்கினார். கோட்டு, சூட்டு, கைத்தடி என்று வாழ்ந்த மனிதர். 1927-இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம், பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம்.

அங்கேதான் விஷயம் நடக்கிறது. இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. பொது நிதியில் அந்தக் காலத்துப் பெரிய தலை என்றால் எட்வின் செலிக்மன். குமரப்பாவின் பேராசிரியரும் அவர்தான். செய்தியைப் பார்த்துவிட்டு, இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள் என்றார். பிரிட்டிஷ் இந்திய அரசின் வரவு செலவைக் குமரப்பா ஒரு நிறுவனத்தின் ஏட்டைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தார். வரி யாரிடமிருந்து வருகிறது, எங்கே போகிறது? பட்டாளத்துக்கும் நிர்வாகத்துக்கும் கடன் வட்டிக்கும் போனது போக, வரி கட்டினவனுக்குத் திரும்பி வந்தது சொற்பம். பம்பாய் கம்பெனி ஒன்றின் ஏட்டில் இப்படி இருந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். அவரைத் தேசியவாதியாக்கியது இந்த ஆய்வுதான் என்பது என் எண்ணம். மேடைப் பேச்சைக் கேட்டு மாறிய ஆள் இல்லை அவர்.

காந்தியை முதன்முதலில் சந்தித்த கதை உண்மையா?

உண்மை. குமரப்பாவே எழுதியிருக்கிறார். 1929 மே 9, சபர்மதி ஆசிரமம். ஆய்வேட்டை அச்சிட ஆள் தேடி வந்திருந்தார். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார். சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில், ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருக்கிறதே என்று கைத்தடியில் சாய்ந்துகொண்டு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார் குமரப்பா. சில நிமிடம் கழித்துக் கிழவர் பொக்கை வாயைத் திறந்து, நீங்கள் குமரப்பாவா என்று கேட்டார். அப்போதுதான் பொறி தட்டியது. நீங்கள் காந்திஜியா என்று இவர் திருப்பிக் கேட்டார். கிழவர் தலையாட்டினார். பட்டுக் கால்சட்டையின் மடிப்பு கலைவதைப் பார்க்காமல் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது அந்தக் கால்சட்டை மடிப்புதான். பல வருஷம் கழித்து எழுதும்போதும் அது அவருக்கு மறக்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்ததால் என்ன செலவு என்று குறித்து வைத்திருக்கிறார் மனிதர்!

அவரை ஆசிரியர் என்கிறீர்களே, எந்தக் கல்லூரியில் பாடம் எடுத்தார்?

அகமதாபாத்தில் காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தில். சேர்ந்த கதையே வேடிக்கை. குஜராத்தில் ஒரு கிராம ஆய்வு நடத்தித் தர முடியுமா என்று காந்தி கேட்டார். எனக்குக் குஜராத்தி தெரியாதே என்றார் இவர். வித்யாபீடத்தை நடத்திய காகா காலேல்கர் இவருடைய உடையைப் பார்த்தார், மொழி தெரியாததைப் பார்த்தார், சரிப்பட்டு வராது என்று நினைத்தார். குமரப்பாவும் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். பிறகு கடிதம் போட்டுத்தான் வரவழைத்தார்கள்.

கேடா மாவட்டத்தில் மாதர் என்று ஒரு தாலுகா. வல்லபாய் படேல் தலைமையில் ஒரு குழு, ஆய்வை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு. 1929 கடைசியில் தொடங்கி 1930 தொடக்கம் வரை, ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். வித்யாபீடத்து மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். வாத்தியாருக்கு மொழி தெரியாது, ஆகவே பிள்ளைகள்தான் அவருடைய நாக்கும் காதும்.

அவர் நடத்திய பாடம் என்ன என்று கேட்டால் இந்தத் தாலுகாவைத்தான் காட்டுவேன். வகுப்பில் உட்கார வைத்துத் தேவை, அளிப்பு என்று கோடு போட்டுக் காட்டவில்லை. ஒரு குடியானவன் வீட்டுக்குப் போ. எத்தனை வாய், எத்தனை பிகா நிலம், எத்தனை மாடு? விதைக்கு எவ்வளவு ஆயிற்று, கூலிக்கு எவ்வளவு? வட்டிக்கடைக்காரனுக்கு எவ்வளவு பாக்கி? சர்க்கார் தீர்வை எவ்வளவு? எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவா, கழித்துப் பார்ப்போம். கழித்துப் பார்த்தால் பல வீடுகளில் மிஞ்சுவது ஒன்றுமில்லை, துண்டு விழுகிறது. அப்படியானால் சர்க்காருக்குக் கட்டின தீர்வை எங்கிருந்து வந்தது? லாபத்திலிருந்து வரவில்லை. சாப்பாட்டிலிருந்து வந்திருக்கிறது, அல்லது புதுக் கடனிலிருந்து.

1918-இல் கேடாவிலும் 1928-இல் பர்தோலியிலும் நிலவரிக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் நடந்திருந்தது. அங்கே உணர்ச்சியாகச் சொல்லப்பட்டது இங்கே கூட்டல் கழித்தலாக வந்து நின்றது. 1931-இல் அது அறிக்கையாக அச்சானது. இந்தியக் கிராமத்தைப் பற்றி நாமே எழுதிய ஆரம்பகால ஆய்வுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. 1930 மார்ச்சில் தண்டி யாத்திரை புறப்பட்டபோது, முன்கூட்டியே ஊர் ஊராகப் போய் விவரம் சேகரித்தவர்களும் வித்யாபீடத்து மாணவர்கள்தான். யாத்திரை நுழையும் கிராமத்தில் மக்கள்தொகை எவ்வளவு, கிணறு எத்தனை என்று காந்தி கையில் கணக்கு இருந்தது.

பிரிட்டனுக்கே பில் போட்டார் என்பார்களே, அது என்ன?

1931 கராச்சி காங்கிரஸுக்குப் பிறகு அமைந்த குழு. பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராய்வது வேலை. பகதூர்ஜி, பூலாபாய் தேசாய், கே.டி. ஷா ஆகியோரோடு குமரப்பாவும் உறுப்பினர், அழைப்பாளர் பொறுப்பும் அவருடையது.

இந்தியாவின் 'பொதுக் கடன்' என்று ஒரு பெரிய தொகை ஏட்டில் நின்றது. குழு அதை வரி வரியாகப் பிரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குக் கொடுத்த பணம் இந்தியாவின் தலையில். ஆப்கானிஸ்தான் போர்ச் செலவு இந்தியாவின் தலையில். பர்மாவைப் பிடித்த செலவும் அப்படியே. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய செலவுகூட இந்தியாவின் தலையில்தான். அடி வாங்கியவனிடமே பிரம்புக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி இந்தியாவின் கடனே ஆகாது என்பது குழுவின் முடிவு. எல்லா ஆடிட்டரும் செய்கிற வேலைதான்: செலவு நிஜமா என்று மட்டும் பார்த்தால் போதாது, யார் கணக்கில் எழுதப்பட வேண்டியது என்றும் பார்க்க வேண்டும்.

பீகாரில் காந்தியின் செலவையே மறுத்தாராமே?

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு. பணத்துக்குப் பொறுப்பு ஜம்னாலால் பஜாஜ், கணக்கைக் கவனிக்கக் குமரப்பாவை அழைத்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்த கையோடு போனார். நிவாரணத்துக்கு வந்த காசு தொண்டர்களின் சாப்பாட்டிலேயே கரைந்துவிடக் கூடாது என்பதற்காக, தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணாதான் என்று வரம்பு வைத்தார்.

அப்புறம் காந்தி தன் ஆட்களோடு வந்தார். பேரீச்சம்பழம், ஆட்டுப்பால், காருக்குப் பெட்ரோல் என்று அந்தக் கூட்டத்தின் செலவு மூன்றணாவில் அடங்காது. செலவைக் காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய் வேறு வழியில் பார்த்துக்கொள்ளட்டும், நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார் குமரப்பா. காந்தி கோபிக்கவில்லை. இதைச் சொன்னால் கூட்டத்தில் கைதட்டல் வரும். எனக்கென்னவோ இதில் வீரம் எதுவும் தெரியவில்லை. வவுச்சர் விதிக்கு உட்பட்டால் பாஸ், உட்படாவிட்டால் திருப்பி அனுப்பு. யாருடைய வவுச்சர் என்பது ஆடிட்டருக்குத் தேவையில்லாத விவரம்.

வார்தாவில் என்ன செய்தார்?

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானது. வார்தாவில், மகன்லால் காந்தியின் பெயரைத் தாங்கிய மகன்வாடி என்ற இடத்தில் தலைமையகம், குமரப்பா செயலாளர். ஆலோசகர் பட்டியலில் தாகூர், ஜகதீச சந்திர போஸ், பி.சி. ராய், சி.வி. ராமன் இருந்தார்கள். இது விஞ்ஞானத்தைத் துரத்திவிட்டு நடத்திய இயக்கம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

செக்கைத் திருத்தினார்கள். கையால் காகிதம் செய்தார்கள். பனை வெல்லம் காய்ச்சினார்கள். புகை அடுப்பங்கரையில் சுற்றாமல் வெளியேறும்படி 'மகன் சூலா' என்று ஓர் அடுப்பு, மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரிய 'மகன் தீபம்' என்று ஒரு விளக்கு. அரிசியைத் தீட்டித் தவிட்டை இழப்பது ஏன் நஷ்டம் என்று பிரசாரம். 'கிராம் உத்யோக் பத்ரிகா' என்று மாத இதழ். இளைஞர்கள் வந்து தங்கித் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவருடைய இரண்டாவது வகுப்பறை இது. முதல் வகுப்பறையில் நஷ்டம் எங்கே என்று கண்டுபிடித்தார், இரண்டாவதில் அதை அடைக்கப் பார்த்தார்.

'தாய்மைப் பொருளாதாரம்' என்றால் என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் குழப்பப்படுவதும் இதுதான்.

1940-களின் நடுவில், ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இயற்கையில் உயிர்கள் பிழைக்கும் விதத்தை ஐந்தாகப் பிரிக்கிறார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது, பயன் தந்த மூலமே அழிகிறது. குரங்கு மாந்தோப்பில் புகுந்து பழத்தைப் பறிக்கிறது. மரம் பிழைக்கிறது, ஆனால் குரங்கு அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பறவை தானே உழைத்துக் கூடு கட்டுகிறது. தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. ஐந்தாவது தாய்ப்பறவை, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை கொண்டுவருகிறது. இந்த ஐந்தாவதைத்தான் தமிழில் தாய்மைப் பொருளாதாரம் என்கிறோம்.

பெயர் அழகாக இருப்பதால் இதைக் கவிதை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடியில் இருப்பது ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட். ஒவ்வொரு பிராணிக்கும் அவர் ஒரே கேள்வியைத்தான் போடுகிறார்: எடுத்தது எவ்வளவு, திருப்பி வைத்தது எவ்வளவு? புலி வெறும் பற்று. தாய்ப்பறவை வெறும் வரவு. மற்ற மூன்றும் இடையில்.

அதே புத்தகத்தில் இன்னொரு பிரிவினை உண்டு. என் மாணவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வது. நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத்தாது எல்லாம் பூமியில் இருக்கிற இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் தண்ணீர், காற்று, காட்டில் வருஷா வருஷம் வளரும் மரம், மாட்டின் உழைப்பு இவையெல்லாம் வந்துகொண்டே இருக்கும் வரும்படி. வரும்படியில் வாழ்கிறவன் நிலைப்பான், முதலைத் தின்கிறவன் ஒரு நாள் அடுத்தவன் வீட்டு முதலுக்குக் கை நீட்டுவான். எண்ணெய்க் கிணறு எங்கே இருக்கிறதோ அங்கே போர்க்கப்பல் போகும் என்பதை அவர் இந்த வழியாகத்தான் வந்தடைகிறார். 1940-களில் எழுதியது இது. அதற்குப் பிறகு வளைகுடாவில் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்லுங்கள், இன்னும் பிடிபடவில்லை.

நல்லெண்ணெயை எடுத்துக்கொள்வோம். இது என் உதாரணம். ஊரில் எள் விளைகிறது. ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு, கூலி வாணியருக்கு. வாணியர் அந்தக் காசில் அதே ஊர்த் தறியில் துண்டு எடுக்கிறார். அதே எள்ளை மூட்டையாகக் கட்டி மில்லுக்கு அனுப்பினால் எண்ணெய் டின்னில் திரும்பி வருகிறது, ஒருவேளை விலை குறைவாகவே வருகிறது. பிண்ணாக்கு வரவில்லை. கூலி வரவில்லை. மாட்டுத் தீவனத்துக்குத் தனியாகக் காசு, வயலுக்கு உரம் தனியாகக் காசு.

மலிவு என்று டின் எண்ணெயை வாங்கியவர் ஒரு வரியை மட்டும் பார்த்தார். குமரப்பா பக்கம் முழுவதையும் பார்க்கச் சொல்கிறார். டிராக்டர் சாணி போடுமா என்று அவர் பெயரைச் சொல்லி இயற்கை விவசாயிகள் கேட்பார்களே, அதுவும் இதே கணக்குத்தான். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் மேடைக்கு மேடை குமரப்பாவை இழுத்ததும் இதற்காகத்தான்.

வாழ்க்கைத்தரம் உயர வேண்டாம் என்றாரா?

'உயர்ந்த', 'தாழ்ந்த' என்ற சொற்களே தப்பு என்றார். சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்று சொல்லுங்கள் என்றார். நாற்காலி மேஜை போட்டு ஏழெட்டுப் பாத்திரத்தில் சாப்பிடுவது சிக்கலானது. தரையில் இலை போட்டுச் சாப்பிடுவது எளியது. இதில் உயர்வு எங்கே வந்தது? இலையை மாடு தின்னும், கழுவுகிற வேலையும் மிச்சம். நம் பந்திக்கு இதைவிட நல்ல வக்காலத்து நான் படித்ததில்லை.

எழுத்துக்காகச் சிறைக்குப் போனாரா?

பலமுறை. முதலில் 1931-இல், காந்தி உள்ளே இருந்தபோது அவருடைய 'யங் இந்தியா' இதழை நடத்தி எழுதியதற்காக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிய கட்டுரை ஒன்று இன்னும் காரமானது. பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியமும் துணியும் சாமானும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு லண்டனில் ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) இருப்பு என்று எழுதிவைத்தது. இங்கே அதைக் காட்டி நோட்டு அடித்தார்கள், விலை ஏறியது. அப்பம் கேட்ட மகனுக்குக் கல்லைக் கொடுப்பானா என்ற பைபிள் கேள்வியைத் தலைப்பில் வைத்து இதை எழுதினார். பணவீக்கத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய தலைப்பு வேறு இல்லை.

அந்தச் சிறைவாசத்தில் எழுதிய இரண்டு புத்தகங்களுக்குக் காந்தி இரண்டு பட்டம் கொடுத்தார். இயேசுவைப் பற்றிய நூலுக்கு இறையியல் டாக்டர், நிலைத்த பொருளாதாரத்துக்குக் கிராமத் தொழில் டாக்டர். பல்கலைக்கழகம் தராத பட்டம்.

கிறிஸ்தவராகவே இருந்தாரா?

இருந்தார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, இந்தியாவின் ஆங்கிலிகன் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதி, அகிம்சையாகப் போராடுகிறவர்களை அடிக்கும்போது திருச்சபை எந்தப் பக்கம் என்று கேட்டார். வந்த பதில் அவருக்குப் போதவில்லை. சபையை விமர்சித்தார், இயேசுவை விடவில்லை.

நேருவோடு என்ன பிரச்சினை?

1938-இல் நேரு தலைமையில் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பாவும் இருந்தார். பெருந்தொழிலை நடுவில் வைத்துத் திட்டம் போகிறது என்று தெரிந்ததும் சீக்கிரமே விலகினார். எந்திரமே வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. மருந்தில் விஷம் சேர்ப்பது போல, பெருந்தொழிலை அளவோடு, கண்காணித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலை.

விடுதலைக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். 1949 அறிக்கை இடைத்தரகர்களை ஒழிக்கச் சொன்னது. ஒரு குடும்பம் கட்டுப்படியாகப் பயிர் செய்யத் தேவையான நிலத்தின் மூன்று மடங்கை உச்சவரம்பாக வைக்கச் சொன்னது. கட்சிக்குள்ளேயே நிலக்காரர்கள் நிறைந்திருந்த காலம். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 30 தர ஏக்கர் உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961-இல். அதற்கு முந்தைய வருஷமே அவர் போய்விட்டார். 1951-இல் சீனாவுக்குப் போய் அங்கே நிலம் பங்கிடப்பட்டதைப் பாராட்டிப் பேசினார். அதனால் இவரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்ட காந்தியவாதிகளும் உண்டு.

சாதியைப் பற்றி என்ன சொன்னார்?

நேர்மையாகச் சொன்னால், போதுமான அளவு சொல்லவில்லை. கிராமம் என்பது குறுகிய புத்தியின் சாக்கடை என்கிற பொருளில் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். அந்தக் கேள்விக்குக் குமரப்பாவின் பொருளாதாரத்தில் நேரான பதில் கிடையாது. மேலே நான் சொன்ன எண்ணெய் உதாரணத்தையே பாருங்கள். வாணியர் மகன் வாணியராகத்தான் இருக்க வேண்டுமா? செத்த மாட்டின் தோலை யார் உரிப்பது? மகன்வாடி மாதிரி இடத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் எல்லாத் தொழிலும் பழகலாம். ஊரில் அப்படி நடக்காது.

பெண்களின் உழைப்பும் அப்படித்தான். கைக்குத்தல் அரிசி சத்தானது, சரி. குத்தின கை யாருடையது? உலக்கை பிடித்த எங்கள் பாட்டிக்கு ரைஸ்மில் வந்த நாள் விடுதலை நாள். அவருடைய பேரேட்டில் இந்த இரண்டு பக்கமும் எழுதப்படாமல் கிடக்கின்றன. அவர் முறையைப் பின்பற்றுகிறவர்கள்தான் எழுத வேண்டும். அவரைக் கும்பிடுகிறவர்கள் எழுத மாட்டார்கள்.

அவருடைய தாக்கம் எங்கே தெரிகிறது?

வெளிநாட்டில் தெரிந்த பெயர் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர். பௌத்தப் பொருளாதாரம் பற்றிய அவருடைய பிரபலமான கட்டுரையில், வேலை மனிதனை எப்படி வளர்க்கிறது என்ற இடத்தில் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். 1973-இல் வந்த 'சிறியதே அழகு' நூல் வழியாக அது உலகம் சுற்றியது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூரில் குமரப்பா பெயரில் ஒரு கிராம சுயராஜ்ய நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தற்சார்பு, மரபு விதை, செக்கெண்ணெய் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ அவர் பிள்ளைகள். செக்கெண்ணெய் இன்று மில் எண்ணெயைவிட விலை அதிகமாகப் பட்டணத்துக் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவர் முதலில் பில் புத்தகத்தைக் கேட்டிருப்பார், ஆட்டினவருக்கு எவ்வளவு போயிற்று என்று.

கல்லூரிப் பாடத்தில் ஏன் இல்லை?

எங்கோ ஒரு தாளில், 'காந்தியப் பொருளாதாரம்' என்ற தலைப்பில் ஐந்து மார்க் கேள்வியாக இருக்கிறார். வணிகவியல் துறையில் அதுவும் இல்லை. இத்தனைக்கும் அவர் நம் துறைக்காரர்.

எதில் தொடங்கிப் படிக்கலாம்?

எல்லோரும் தாய்மைப் பொருளாதாரத்தில் தொடங்குவார்கள். நான் மாதர் தாலுகா அறிக்கையைச் சொல்வேன். அட்டவணைகள் அதிகம், சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. ஒரு குடும்பத்தின் வரவு செலவை மட்டும் எடுத்து ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் ஐந்து பிராணிகளிடம் போனால் அவை வேறு மாதிரி பேசும்.

கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார்? அங்கே போய்ப் பார்க்கலாமா?

வார்தாவை விட்டு வந்து, பக்கத்தில் சேல்டோ என்ற ஊரில் 'பண்ணை ஆசிரமம்' என்று தமிழ்ப் பெயரிலேயே ஒன்று வைத்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் படுத்தியது. 1950-களின் நடுவில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்து இல்லை. குடிசையில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம் வைத்திருந்தார். காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானரின் எஜமானர் என்று வந்தவர்களிடம் காட்டுவார்.

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ் திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டியில் நிற்கும். ஆசிரமம் என்று கேட்டால் காட்டுவார்கள். காலை நேரத்தில் போங்கள், வெயில் அதிகம்.